அமெரிக்காவில் கஞ்சாப் பொருள் விற்கும் கடைக்கு உரிமம் தருவது யார்?

அமெரிக்காவில் கஞ்சா விற்கச் சட்டம் இடம் தருகிறதா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் முடிக்க முடியாத கேள்வி இது. எந்த மாநிலம், எந்தப் பொருள், எந்த ஊர் என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்றாவதைக் கேட்கத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஒரு தெருவில் கடை திறக்குமா திறக்காதா என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்விதான்.

கொலராடோவை எடுத்துக்கொள்வோம். 2012 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அந்த மாநில மக்கள் கஞ்சாவுக்குப் பச்சைக்கொடி காட்டினார்கள். 2014 ஜனவரி 1 அன்று, 21 வயது நிரம்பியவர்களுக்குக் கடைகளில் விற்பனை தொடங்கியது. ஆனால் மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகரமான கொலராடோ ஸ்பிரிங்ஸ் தன் எல்லைக்குள் மருத்துவக் கஞ்சாக் கடைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதற்குக் கதவை அடைத்துவிட்டது. அதை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கும் மானிட்டூ ஸ்பிரிங்ஸில் மொத்தமே சுமார் ஐயாயிரம் பேர்தான். அந்தச் சின்ன ஊர் 2014லேயே கடை திறக்க அனுமதித்தது. அப்புறம் என்ன, நாலு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த பெரிய நகரத்தில் இருந்து ஆட்கள் காரில் போய் வாங்கிவந்தார்கள். வரிப் பணம் சின்ன ஊருக்குச் சேர்ந்தது. பத்தாண்டு கழித்து, 2024 நவம்பரில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் வாக்காளர்கள் வேறு முடிவு எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் அங்கேயும் விற்பனை ஆரம்பித்தது.

இரண்டு ஊருக்கும் மாநிலச் சட்டம் ஒன்றுதான். இடையில் இத்தனை ஆண்டு வித்தியாசத்தை உண்டாக்கியது உள்ளூர் முடிவு.

மூன்று அடுக்குச் சட்டம்

மேலே இருப்பது மத்திய அரசு. 1970ஆம் ஆண்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. ஹெராயின் இருப்பதும் அதே பட்டியல்தான். 1996இல் கலிஃபோர்னியா மக்கள் மருத்துவப் பயன்பாட்டுக்கு ஆதரவாக வாக்களித்து முதலில் தனி வழி போனார்கள். 2012இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் ஒரு படி மேலே போய், மருத்துவரின் பரிந்துரை இல்லாமலே பெரியவர்கள் வாங்கலாம் என்றன. மத்திய சட்டம் மாறாமலே மாநிலங்கள் ஒவ்வொன்றாக மாறின. மாநில விதிக்கு உட்பட்டு நடக்கும் கடைகளை மத்திய அரசு பெரும்பாலும் தொடவில்லை.

நடுவில் மாநிலம். செடி வளர்ப்பு, ஆய்வகச் சோதனை, பொட்டலத்தில் என்ன எழுத வேண்டும், ஒரு பொருள் தோட்டத்தில் இருந்து கல்லாப் பெட்டி வரை எந்த வழியாக வந்தது என்ற கணக்கு, இதையெல்லாம் மாநில ஆணையம் பார்க்கிறது.

கீழே ஊர். நகர மன்றம், டவுன்ஷிப், கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) என்று பெயர் இடத்துக்கு இடம் மாறும். எந்தத் தெரு, எத்தனை கடை, இரவு எத்தனை மணி வரை, பள்ளிக்கூடத்தில் இருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் இவர்கள் கையில். பல மாநிலங்களில் மாநில உரிமமும் ஊர் அனுமதியும் இரண்டும் இருந்தால்தான் ஷட்டரைத் தூக்க முடியும்.

ஊருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் 2016 வாக்கெடுப்பில் வந்த சட்டம், நகரமோ கவுன்டியோ கடையே வேண்டாம் என்று முழுக்கத் தடை செய்யவும் உரிமை கொடுத்தது. அதன் விளைவு, பாதிக்கும் மேற்பட்ட நகரங்களும் கவுன்டிகளும் சில்லறைக் கடைக்கு இடம் தரவில்லை. கஞ்சா என்றாலே கலிஃபோர்னியா என்று நினைக்கிறோம். அங்கேயே நிலைமை இப்படி.

நியூயார்க் மாநிலம் வேறு மாதிரி செய்தது. 2021 மார்ச் 31 அன்று சட்டம் கையெழுத்தானது. கடை வேண்டாம் என்று நினைக்கும் ஊர்கள் அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் தீர்மானம் போட்டு விலகிக்கொள்ள வேண்டும். சும்மா இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். விலகிய ஊர் பின்னால் மனம் மாறிச் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் உள்ளே இருந்துவிட்ட ஊர் பின்னால் விலக முடியாது. இதனால் பல ஊர்கள் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்பதற்காகவே முதலில் விலகிவைத்தன.

ஹெம்ப் வழியாகத் திறந்த கதவு

இதுவரை சொன்னது உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளைப் பற்றி. உள்ளூர் ஆட்களைத் திக்குமுக்காட வைத்தது இன்னொரு வகைக் கடை. அதற்கு உரிமமே தேவைப்படவில்லை.

2018 டிசம்பரில் அமெரிக்க வேளாண் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, ‘ஹெம்ப்’ என்ற பயிரைப் போதைப்பொருள் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். ஹெம்ப்பும் கஞ்சாவும் ஒரே செடி இனம்தான். போதை தரும் முக்கியப் பொருளான டெல்டா-9 டி.எச்.சி., உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் அது ஹெம்ப், போனால் கஞ்சா என்றது அந்தச் சட்டம். நார், விதை, எண்ணெய், போதை தராத சி.பி.டி. என்ற பொருள் ஆகியவற்றுக்காக விவசாயிகள் பயிரிடட்டும் என்பதுதான் நோக்கம். பேச்சு முழுக்க வயலைப் பற்றி இருந்தது. கடை அலமாரியை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

0.3 சதவீதம் என்றால் ஒன்றுமே இல்லாத மாதிரித் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெல்லி போன்ற ஒரு ‘கம்மி’ (gummy) மிட்டாயின் எடை 4 கிராம் என்று வையுங்கள். அதாவது 4,000 மில்லிகிராம். அதில் 0.3 சதவீதம் 12 மில்லிகிராம். கலிஃபோர்னியாவிலும் கொலராடோவிலும் உரிமம் பெற்ற கஞ்சாக் கடை ஒரு வேளைக்கு என்று விற்கக்கூடிய உச்ச அளவு 10 மில்லிகிராம்! பெட்ரோல் பங்க் கடையில் சூயிங் கம் பக்கத்தில் தொங்கிய ‘ஹெம்ப்’ மிட்டாய், எல்லாச் சோதனையும் தாண்டி வந்த மிட்டாயைவிடப் பலமாக இருக்க முடிந்தது. பானத்துக்கு இதே கணக்கைப் போட்டால் தலை சுற்றும். 355 கிராம் எடையுள்ள ஒரு கேனில் 0.3 சதவீதம் 1,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். யாரும் அவ்வளவு போட்டு விற்கப்போவதில்லை. ஆனால் வியாபாரிகள் சட்டத்தைப் படித்த விதத்தில், போட்டாலும் தடுக்க மத்திய சட்டத்தில் விதி எதுவும் இருக்கவில்லை.

இது முதல் ஓட்டை. இரண்டாவது, சட்டம் டெல்டா-9 என்று மட்டும் குறிப்பிட்டது. ஹெம்ப்பில் ஏராளமாகக் கிடைக்கும் சி.பி.டி.யை ஆய்வகத்தில் அமிலம் சேர்த்து மாற்றினால் டெல்டா-8 டி.எச்.சி. கிடைக்கும். அதுவும் போதை தருவதுதான், ஆனால் சட்டத்தின் கணக்கில் வரவில்லை. 2022இல் ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டத்தின் சொற்படி அது ஹெம்ப்தான் என்றது. மூன்றாவது, பச்சைப் பூவில் இருக்கும் டி.எச்.சி.ஏ. என்ற அமிலம். அப்படியே இருந்தால் போதை இல்லை, நெருப்பு வைத்ததும் டெல்டா-9 ஆகிவிடும். ஆகவே ‘ஹெம்ப் பூ’ என்று வாங்கிப் புகைப்பதற்கும் கஞ்சா புகைப்பதற்கும் உடம்பைப் பொறுத்தவரை வித்தியாசம் கிடையாது.

இந்தப் பொருட்கள் எங்கே விற்றன? வேப் (மின்சிகரெட்) கடை, சிகரெட் கடை, பெட்ரோல் பங்க், சில இடங்களில் மளிகைக் கடை. பல மாநிலங்களில் வயது வரம்பே இல்லாமல் இருந்தது. டெல்டா-8 பற்றி உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 செப்டம்பரில் பொது எச்சரிக்கை வெளியிட்டது: தயாரிக்கும்போது சேரும் ரசாயன மிச்சங்கள், குழந்தைகள் தெரியாமல் சாப்பிட்டுவிடும் ஆபத்து என்று பட்டியல் நீண்டது. 2023 ஜூலையில் அதே நிர்வாகமும் மத்திய வர்த்தக ஆணையமும் சேர்ந்து ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. பிள்ளைகள் ஆசைப்படும் சிப்ஸ், மிட்டாய் பாக்கெட்டுகளைப் போலவே அச்சடித்து டெல்டா-8 விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பாக்கெட் ஒரு வீட்டுச் சமையல் மேடையில் கிடந்தால் ஐந்து வயதுக் குழந்தை என்ன செய்யும்? இதை நினைக்கும்போது, இது வெறும் வியாபாரச் சுதந்திரம் பற்றிய விவாதம் என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

உரிமம் என்பது ஊரின் கைப்பிடி

உரிமம் என்றால் ‘கடை நடத்த அனுமதி’ என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது பாதிதான். மீதிப் பாதி, திருப்பி வாங்கிக்கொள்ளும் அதிகாரம். கொடுத்ததைத்தானே பறிக்க முடியும்? ஒன்றுமே கொடுக்காத இடத்தில், தப்பு செய்த கடைக்காரரிடம் ஊர் என்ன கேட்கும்? போலீசை வைத்து வழக்குப் போடலாம். அது மாதக்கணக்கில் இழுக்கும், அதுவும் அந்தப் பொருள் சட்டவிரோதமாக இருந்தால்தான். ஹெம்ப் சட்டப்படி சரி என்று இருந்த ஆண்டுகளில் பல ஊர்களின் கை கட்டப்பட்டிருந்தது இதனால்தான்.

மின்னசோட்டா மாநிலத்தில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022 ஜூலை 1 முதல் அங்கே ஹெம்ப்பில் இருந்து எடுத்த டி.எச்.சி. மிட்டாய், பானம் ஆகியவற்றுக்குத் தெளிவான வரம்பு வந்தது: ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 50, வாங்குபவருக்கு 21 வயது. நல்ல விதிகள்தான். ஆனால் விற்கும் கடைக்கு மாநில உரிமம் என்று ஒன்றை அந்தச் சட்டம் ஏற்படுத்தவில்லை. எந்தெந்தக் கடையில் விற்கிறார்கள் என்ற பட்டியலே யாரிடமும் இல்லை. பல நகரங்கள் அவசரமாகக் கூடி, சில ‘கொஞ்ச நாள் பொறுங்கள்’ என்று தற்காலிகத் தடை போட்டன, சில தாங்களே உள்ளூர் லைசென்ஸ் முறையை எழுதிக்கொண்டன.

2023இல் வந்த பெரிய சட்டம் இதைச் சரிசெய்தது. மாநில அளவில் கஞ்சா மேலாண்மை அலுவலகம் உரிமம் தரும். அதோடு கடை இருக்கும் ஊரிலோ கவுன்டியிலோ பதிவு செய்ய வேண்டும். இந்தப் பதிவு ஹெம்ப் மிட்டாய் விற்கும் கடைக்கும் பொருந்தும். பதிவு இல்லாமல் விற்றால் 2,000 டாலர் வரை அபராதம். விதி மீறினால் ஊர் அந்தப் பதிவை 30 நாள் வரை நிறுத்திவைக்கலாம். கடையையே முழுக்கத் தடை செய்யும் அதிகாரம் ஊருக்கு இல்லை. ஆனால் 12,500 பேருக்கு ஒரு கடை என்ற அளவில் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம். பள்ளிக்கு 1,000 அடி, குழந்தைகள் காப்பகத்துக்கு 500 அடி வரை இடைவெளி கேட்கலாம்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன வேலை. ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு கடையிலும் ஊர் வயதுச் சோதனை நடத்த வேண்டும். 21 வயது நிரம்பாத ஓர் இளைஞர், அதிகாரியின் மேற்பார்வையில் உள்ளே போய்ப் பொருளைக் கேட்பார். கவுன்டரில் நிற்பவர் அடையாள அட்டை கேட்டாரா, பிறந்த தேதியைப் பார்த்தாரா, பார்த்தும் கொடுத்தாரா? அவ்வளவுதான் சோதனை. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அங்கே போய்வர ஒரு ஆள் வேண்டும். தலைநகரில் இருக்கும் மாநில அலுவலகத்தைவிட உள்ளூர் அலுவலகத்துக்கு இது எளிது.

ஆனால் உரிம முறை மட்டும் இருந்து, மூடும் அதிகாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் நகரம் காட்டியது. அங்கே முதல் சட்டபூர்வக் கடை திறந்தது 2022 டிசம்பர் 29 அன்று. மாநிலம் உரிமங்களை மெதுவாகக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், உரிமம் இல்லாத கடைகள் ஆயிரத்துக்கும் அதிகமாக முளைத்துவிட்டன. பளிச்சென்று விளக்குப் போட்டு, பெயர்ப்பலகை வைத்து நடந்த கடைகள். வாடிக்கையாளருக்கு எது அசல், எது போலி என்று புரியவில்லை. அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்தாலும் சில நாளில் மறுபடி திறந்துவிடுவார்கள். 2024இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தி, உள்ளூர் அதிகாரிகளே கடைக்குப் பூட்டுப் போடலாம் என்று சொன்ன பிறகுதான், அந்த ஆண்டு மே மாதம் முதல் நகரம் வரிசையாகப் பூட்டத் தொடங்கியது. உரிமக் கட்டணம், வரி, ஆய்வகச் செலவு எல்லாம் கட்டி நேர்மையாகக் கடை வைத்தவர்கள் அதுவரை பட்ட நஷ்டத்துக்குக் கணக்கில்லை.

வரைபடத்தில் மிஞ்சும் தெருக்கள்

ஊர் போடும் நிபந்தனைகளில் கடைக்காரரை அதிகம் அலைய வைப்பது இடம் பற்றிய விதிதான். கலிஃபோர்னியாவில் பள்ளி, குழந்தைகள் காப்பகம், இளைஞர் மையம் ஆகியவற்றில் இருந்து 600 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது மாநில விதி. ஊர் விரும்பினால் இந்தத் தூரத்தை மாற்றலாம். நியூயார்க்கில் பள்ளிக்கு 500 அடி, வழிபாட்டு இடத்துக்கு 200 அடி. ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம் போடுங்கள். காப்பகத்தைச் சுற்றி இன்னொன்று. பூங்காவைச் சேர்க்கும் ஊர்களும் உண்டு. அப்புறம் குடியிருப்புப் பகுதியைக் கழித்துவிடுங்கள், அங்கே எந்தக் கடையும் கூடாது. மிஞ்சுவது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்றிரண்டு துண்டு நிலமும், பழைய தொழிற்பேட்டையும். அந்த இடங்களின் சொந்தக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும், வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

தூரத்தை எப்படி அளப்பது என்பதிலேயே பெரிய வம்பு. வாசலுக்கு வாசலா, நிலத்தின் எல்லைக்கோட்டுக்கு எல்லைக்கோடா, நேர்க்கோட்டிலா, நடந்துபோகும் வழியிலா? ஊர் விதியில் இந்த ஒரு வரி சரியாக எழுதப்படாவிட்டால், கடைசியில் வக்கீல்தான் டேப் பிடித்து அளப்பார். ஆகவே கடை வைக்க நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் ஊர் அலுவலகம். இந்த முகவரியில் அனுமதி உண்டா, கடை எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கிறதா, அது நிரம்பிவிட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

பணமும் சலனமும்

ஊர்கள் சம்மதிப்பதற்கு ஒரு காரணம் வரி. நியூயார்க்கில் சில்லறை விற்பனைக்கு மாநில வரி 9 சதவீதம், உள்ளூர் வரி 4 சதவீதம். அந்த நாலில் முக்கால் பங்கு கடை இருக்கும் ஊருக்கும், கால் பங்கு கவுன்டிக்கும் போகிறது. இலினாய் மாநிலத்தில் நகரங்கள் 3 சதவீதம் வரை வரி போடலாம். பணத்துக்காக அனுமதிப்பது கேவலம் இல்லை. சோதனைக்குப் போகும் ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடைகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்து, யாருக்கு என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை ஓரிரு பேர் கையில் கொடுத்தால், அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை வந்துவிடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடை திறக்க ‘எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்ற கடிதமும் ஊரோடு ஒரு ஒப்பந்தமும் வேண்டியிருந்தது. ஃபால் ரிவர் நகரத்தின் மேயர் அந்தக் கடிதத்துக்காக விண்ணப்பதாரர்களிடம் பணம் கறந்தார் என்று 2019இல் கைதானார். 2021 மே மாதம் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. செப்டம்பரில் ஆறாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2022இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. ஊர் வாங்கும் கட்டணம் ஊருக்கு உண்மையிலேயே ஆகும் செலவோடு பொருந்த வேண்டும், ஒப்பந்தத்தை மாநில ஆணையம் பார்வையிட வேண்டும் என்று விதி வந்தது. உள்ளூர் அதிகாரத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் மூடிய அறையில் முடிவெடுக்கும் உள்ளூர் அதிகாரத்தை அல்ல. மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் பட்டியலை வெளியிட வேண்டும், குலுக்கல் என்றால் எல்லோர் முன்னாலும் குலுக்க வேண்டும்.

முழுத் தடை போடும் ஊர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர் மக்கள் கடை வேண்டாம் என்றால் அது அவர்கள் உரிமை. ஆனால் தடை போட்டதால் பொருள் வராமல் இருந்துவிடாது. பக்கத்து ஊரில் இருந்து வரும், அல்லது உரிமமே இல்லாதவரிடம் இருந்து வரும். அந்த ஊருக்குச் சோதனை செய்ய ஒரு கடையும் இருக்காது, செலவுக்கு வரியும் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு தடை போட்டால் சரி.

அடுத்து வரும் மாற்றம்

2018இல் திறந்த ஹெம்ப் கதவை மத்திய அரசே மூட முடிவுசெய்தது. 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஹெம்ப்புக்குப் புதிய வரையறையைச் சேர்த்தார்கள். இனி டெல்டா-9 மட்டும் கணக்கில்லை, டி.எச்.சி.ஏ. உட்பட மொத்த டி.எச்.சி.யையும் கூட்டிப் பார்க்க வேண்டும். செடியில் இயல்பாக இல்லாததும், ஆய்வகத்தில் ரசாயனத்தால் மாற்றி உண்டாக்கியதும் ஹெம்ப் ஆகாது. கடைக்கு வரும் பொருளில் ஒரு டப்பாவுக்கே மொத்தம் 0.4 மில்லிகிராம்தான் இருக்கலாம். மின்னசோட்டா அனுமதித்த ஒரே ஒரு மிட்டாயில் 5 மில்லிகிராம் இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் இந்த வரம்பின் கடுமை புரியும். கையெழுத்தான நாளில் இருந்து ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வரும்படி சட்டத்தை எழுதியிருக்கிறார்கள்.

காகிதத்தில் இது தெளிவு. தெருவில் செயல்படுத்துவது மறுபடி ஊர் ஆட்களின் தலையில்தான் விழும். விற்பனையைப் பதிவு செய்யச் சொன்ன ஊர்களில் எந்தெந்தக் கடைக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் தயாராக இருக்கிறது. பதிவு முறையே வைக்காத ஊர்கள், வேப் கடையையும் பெட்ரோல் பங்க்கையும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி எண்ணுவதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.